சாண்ட்லர் சார்ட்டர் பள்ளி: குலுக்கலில் இடம் வந்துவிட்டது, ஐந்தாம் வகுப்பில் சேர்க்கலாமா?

#1 ஐந்தாம் வகுப்பு அப்பா

வணக்கம். நாங்கள் இருப்பது அரிசோனாவில் சாண்ட்லர். மகள் இப்போது டிஸ்ட்ரிக்ட் பள்ளியில், அதாவது வட்டாரக் கல்வி நிர்வாகம் நடத்தும் பொதுப் பள்ளியில், நான்காம் வகுப்பு. நன்றாகப் படிக்கிறாள், பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரே என்று ஒரு சார்ட்டர் பள்ளிக் குலுக்கலில் பெயர் கொடுத்து வைத்தோம். இடம் வந்துவிட்டது. சேர்க்கிறோமா இல்லையா என்று இந்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும்.

பள்ளி அனுப்பிய பிரசுரம் முழுக்கச் சாதனைப் பட்டியல். தேசிய அளவில் எத்தனையாவது இடம், நேஷனல் மெரிட் உதவித்தொகைப் போட்டியில் செமிஃபைனலிஸ்ட் எத்தனை பேர், ஏபி தேர்வில் (ஹைஸ்கூலிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) சராசரி எவ்வளவு, எந்தெந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. எல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு விஷயம். பத்து வயதுப் பிள்ளைக்கு அங்கே தினமும் என்ன நடக்கும் என்று ஒரு வரி இல்லை. வீட்டு அம்மணிக்குச் சேர்க்க ஆசை, எனக்கு இரண்டு மனசு. அங்கே படிக்கவைப்பவர்கள், படிக்கவைத்துவிட்டு வெளியே எடுத்தவர்கள், இரு தரப்பும் சொல்லுங்கள்.

#2 கில்பர்ட்வாசி

இதில் யோசிக்க என்ன சார் இருக்கிறது? வெயிட்டிங் லிஸ்டில் எத்தனை பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள் தெரியுமா?

எந்தப் பள்ளி என்று நீங்கள் சொல்லவில்லை. நம் பக்கம் சார்ட்டர் என்றாலே முதலில் வாயில் வருவது பேசிஸ் என்ற பள்ளிக் குழுமம்தான். 1998-இல் டூசானில் தொடங்கியது. தொடங்கியவர்கள் கணவன் மனைவி: அரிசோனா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த மைக்கேல் பிளாக், செக் நாட்டிலிருந்து வந்த ஓல்கா பிளாக். பிறகு 2003-இல் ஸ்காட்ஸ்டேல், 2011-இல் சாண்ட்லர் என்று வளர்ந்தது. 2018-இல் யூ.எஸ். நியூஸ் என்ற ஊடக நிறுவனம் போட்ட சிறந்த ஹைஸ்கூல் பட்டியலில் முதல் ஐந்து இடமும் அரிசோனா பேசிஸ் பள்ளிகளுக்கு. ஐந்துக்கு ஐந்து!

பாடத்தைப் பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றும் தனித்தனிப் பாடம், தனித்தனி ஆசிரியர். மற்ற இடங்களில் அந்த வயதில் 'சயின்ஸ்' என்று ஒரே புத்தகம். கணக்கில் வேகமாகப் போகிற பிள்ளை பத்து, பதினொன்றிலேயே ஏபி கால்குலஸ் முடித்துவிடும். டிப்ளமா வாங்கவே குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஏபி தேர்வு எழுதியாக வேண்டும். இத்தனைக்கும் கட்டணம் பூஜ்யம். வெளியே கணக்கு கோச்சிங்குக்கு மாதாமாதம் கொடுக்கும் பணத்தை நினைத்துப் பாருங்கள்.

#3 ஊருக்குப் புதுசு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கட்டணம் இல்லை என்றால் அரசுப் பள்ளியா? நான் தனியார் என்றல்லவா நினைத்திருந்தேன்.

#4 மட்டுறுத்துநர்

அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளிதான். ஆனால் நடத்துவது டிஸ்ட்ரிக்ட் அல்ல, மாநிலத்தோடு ஒப்பந்தம் போட்ட தனி அமைப்பு. இதற்கான முதல் சட்டம் 1991-இல் மின்னசோட்டாவில் வந்தது. முதல் பள்ளி அடுத்த வருடம் செயின்ட் பாலில் திறந்தது. அரிசோனா சட்டம் 1994. கட்டணம் கிடையாது. நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்க முடியாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் தம்பி தங்கைக்கு முன்னுரிமை உண்டு.

கட்டணம் இல்லையே தவிர செலவு இல்லாமல் இல்லை. பஸ் பெரும்பாலும் இருக்காது. டிஸ்ட்ரிக்டுகளுக்கு வாக்கெடுப்பு நடத்திச் சொத்துவரியிலிருந்து வரும் கடன் பத்திர (பாண்ட்), கூடுதல் வரி (ஓவர்ரைடு) பணம் சார்ட்டருக்குக் கிடைக்காது. அதனால் ஆசிரியர் நிதிக்கு நன்கொடை கேட்டு வருடம் முழுக்க மின்னஞ்சல் வரும். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். கொடுக்கவில்லை என்பதற்காகப் பிள்ளையின் இடம் போகாது.

#5 எண்ணிப்பார்ப்பவன்

கில்பர்ட்வாசி சார், அந்த 2018 பட்டியலை எப்படிப் போட்டார்கள் என்று தெரிந்தால் உற்சாகம் கொஞ்சம் இறங்கும். மாநிலத் தேர்வு முடிவுகளை வைத்துப் பள்ளிகளை முதலில் சலித்தார்கள். சலித்ததை வரிசைப்படுத்தியது ஒரே ஒரு எண்ணை வைத்து. அதற்குக் 'கல்லூரித் தயார்நிலைக் குறியீடு' என்று பெயர். பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பவர்களில் எத்தனை பேர் ஒரு ஏபி தேர்வாவது எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு அதில் கால் பங்கு, எழுதித் தேறியதற்கு முக்கால் பங்கு. எல்லோரும் ஏபி எழுதியே ஆகவேண்டும் என்று விதி வைத்த பள்ளிக்கு அந்தக் கால் பங்கு முழுசாக வந்துவிடுகிறது. மீதி முக்கால் பங்கில்தான் விஷயமே இருக்கிறது. எதால் வகுக்கிறார்கள்? பன்னிரண்டாம் வகுப்பு வரை மிஞ்சியவர்களின் எண்ணிக்கையால். எட்டாம் வகுப்பில் தாக்குப்பிடிக்க முடியாமல் வேறு பள்ளிக்குப் போன பிள்ளை அந்தக் கணக்கிலேயே இல்லை.

2019-இல் முறையை மாற்றினார்கள். ஏபி மட்டும் அல்லாமல் மாநிலத் தேர்வு மதிப்பெண், மாணவர்களின் பின்னணியை வைத்து எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூடுதல், பள்ளியை முடிப்பவர்களின் விகிதம் என்று ஆறு அளவுகோல். அந்த வருடம் முதலிடம் தென் கரோலினாவின் அகாடமிக் மேக்னட்டுக்கு. பேசிஸ் ஸ்காட்ஸ்டேல் மூன்றாவது. மூன்றாவதும் பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

நேஷனல் மெரிட்டுக்கும் இதே கதை. பதினொன்றாம் வகுப்பில் எழுதும் பிஎஸ்ஏடி என்ற ஒரே தேர்வு. நாடு முழுக்கச் சுமார் 16,000 செமிஃபைனலிஸ்ட், கட்-ஆஃப் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இன்டெல்லிலும் பக்கத்துக் கம்பெனிகளிலும் வேலை பார்க்கும் இன்ஜினியர்களின் பிள்ளைகள் ஒரே கட்டடத்தில் சேர்ந்தால் இந்த எண்ணிக்கை வரத்தான் செய்யும். பள்ளி அதில் எவ்வளவு சேர்த்தது என்று பிரசுரம் எங்கேயாவது சொல்கிறதா?

#6 கில்பர்ட்வாசி

இப்படிச் சலித்துக்கொண்டே போனால் ஒரு பள்ளியும் தேறாது. பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பிசா தேர்வின் பாணியில், அதை நடத்தும் ஓஇசிடி என்ற நாடுகளின் அமைப்பு 2012-இல் வைத்த தேர்வை டூசான், ஸ்காட்ஸ்டேல் பேசிஸ் பிள்ளைகள் எழுதினார்கள். உலகின் முன்னணி நாடுகளின் சராசரியையே தாண்டினார்கள். அதையும் இன்ஜினியர் அப்பாக்கள் கணக்கில் எழுதுவீர்களா?

#7 எண்ணிப்பார்ப்பவன்

ஒரு நாட்டின் எல்லாப் பிள்ளைகளின் சராசரியோடு, விரும்பி விண்ணப்பித்து வந்து நிலைத்த பிள்ளைகளை ஒப்பிடுகிறார்கள். ஆமாம், அந்தக் கணக்கில்தான் எழுதுவேன்.

#8 இரண்டு பிள்ளை அம்மா

நீங்கள் இருவரும் சண்டை போடுங்கள், நான் அவர் கேட்டதைச் சொல்கிறேன்.

என் மகள் இதே பாணிப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பு. பள்ளியின் பெயர் வேண்டாம். தினமும் என்ன நடக்கும் என்றுதானே கேட்டீர்கள் அண்ணா? ஐந்தாம் வகுப்பில் முதலில் கையில் கொடுப்பது ஒரு நோட்டு. ஒவ்வொரு பீரியட் தொடக்கத்திலும் பலகையில் இருக்கும் வீட்டுப்பாடத்தை அந்தப் பாடத்துக்கான கட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். இரவு நாம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் இரண்டு மாதம் பாதிக் கட்டம் காலியாக வந்தது. "டீச்சர் வேகமாக அழிச்சுட்டாங்க" என்பாள். டிசம்பர் வாக்கில் நான் கேட்காமலே மேசையில் திறந்து வைக்க ஆரம்பித்தாள். ஏழெட்டுப் பாடம், ஒவ்வொன்றுக்கும் வேறு ஆசிரியர், யார் எப்போது டெஸ்ட் வைக்கிறார் என்று பத்து வயதில் ஒரு பிள்ளை தானே நிர்வாகம் பண்ணக் கற்றுக்கொண்டது. இது எந்தச் சாதனைப் பட்டியலிலும் வராது, ஆனால் எனக்கு இதுதான் பெரிசு.

ஆறாம் வகுப்பு வேறு மாதிரி. வருடக் கடைசியில் முழுப் பாடத்துக்கும் ஒரு பெரிய தேர்வு. அதில் தேறினால்தான் ஏழாம் வகுப்பு. ஜனவரியில் அதற்கு ஒரு ஒத்திகை. கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்கச் சாப்பாட்டு மேசையில் வேதியியல் அட்டைகள். சமன்பாட்டைச் சமப்படுத்தத் தெரிகிறது, ஆனால் எதற்காகச் சமப்படுத்துகிறோம் என்று கேட்டால் முழிக்கிறாள். தேர்வு வாரத்தில் தினமும் காலையில் வயிற்று வலி. டாக்டர் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். நிர்வாகத்தில் பேசினேன், "எல்லோரும் பழகிக்கொள்வார்கள்" என்று பதில் வந்தது. அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

அதே பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். தூரம், நேரம் வரைபடம் போட்டாள். கோடு சரி, அச்சில் அலகு எழுதவில்லை. பத்துக்கு எட்டு. ஏன் குறைந்தது என்று கேட்க, பள்ளி முடிந்த பிறகு ஆசிரியர் உட்காரும் நேரத்தில் போயிருக்கிறாள். அவர் அதே வரைபடத்தின் அச்சில் 'நொடி'யை அடித்துவிட்டு 'மணி' என்று எழுதி, இப்போது இந்த வண்டி என்ன வேகம் என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள், "ஆமையாயிடுச்சு." அப்புறம் அவள் அலகு விட்டதே இல்லை. ஒரு மாணவிக்காக அரை மணி நேரம் உட்கார ஆசிரியருக்குப் பள்ளி நேரம் ஒதுக்கிக் கொடுக்கிறது என்பது பாராட்ட வேண்டிய ஏற்பாடு.

மூன்றாம் வகுப்புப் பையனை டிஸ்ட்ரிக்ட் பள்ளியிலேயே விட்டிருக்கிறேன். அவன் சுபாவம் வேறு.

#9 ஊருக்குப் புதுசு

கேட்கக் கேட்க நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகள் ஞாபகம் வருகின்றன. ரேங்க் பைத்தியம் முற்றி, 2017-இல் தமிழ்நாட்டு அரசு ரேங்க் அறிவிப்பையே நிறுத்தியது. இங்கேயும் அதே வியாதியா?

#10 பழைய மாணவன்

அண்ணா, அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. நம் ஊரில் பதினொன்றாம் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் பாடத்தையே ஓட்டினார்கள். இங்கே எதையும் ஒதுக்குவதில்லை, எல்லாவற்றையும் சீக்கிரம் தொடங்கிவிடுகிறார்கள். களைப்பு ஒன்றாக இருக்கலாம், காரணம் வேறு.

நான் இந்த மாதிரிப் பள்ளியில் படித்து முடித்து இப்போது ஏஎஸ்யு-வில் (அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகம்) இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலேயே முதல் ஏபி. பதினொன்று முடியும்போது வேண்டிய ஏபி எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் நல்ல பகுதி, யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் தேர்வை நோக்கி ஓடாத பாடங்கள் உண்டு. எங்களுக்குக் கரிம வேதியியல் எடுத்தவர் ஒரு வாரம் முழுக்க ஒரே வினையைப் பற்றிப் பேசினார். கடைசி மூன்று மாதம் வகுப்பே இல்லை, சீனியர் ப்ராஜெக்ட். நாமே ஒரு கேள்வி எடுத்து, வெளியே ஒரு ஆய்வகமோ அலுவலகமோ தேடிப் பிடித்து, வாராவாரம் எழுதி, கடைசியில் எல்லோர் முன்னாலும் பேச வேண்டும். முதலில் எழுதிய பேராசிரியர்களில் பாதிப் பேர் பதிலே போடவில்லை. முன்பின் தெரியாத பெரியவருக்கு மின்னஞ்சல் எழுதக் கற்றுக்கொண்டது அப்போதுதான். கல்லூரியில் முதல் வருடமே ஆய்வகத்தில் இடம் கிடைத்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இல்லாததையும் சொல்கிறேன். மார்ச்சிங் பேண்ட் இல்லை, ஃபுட்பால் இல்லை. ஆறாம் வகுப்பில் பார்த்த அதே முகங்கள்தான் கடைசி வரை, அதிலும் வருடா வருடம் சில முகங்கள் காணாமல் போகும். என் நெருங்கிய நண்பன் ஒன்பதாம் வகுப்பில் டிஸ்ட்ரிக்டின் ஹாமில்டன் ஹைஸ்கூலுக்கு மாறினான். டிராம்போன் வாசித்தான், ஆறு ஏபி எழுதினான். இப்போது ஏஎஸ்யு-வின் பாரட் ஹானர்ஸ் கல்லூரியில் இரண்டு பேரும் ஒரே விடுதி.

#11 டிஸ்ட்ரிக்ட் டீச்சர்

அந்தக் கடைசி வரியை எல்லாப் பெற்றோரும் படிக்க வேண்டும் தம்பி.

நான் டிஸ்ட்ரிக்டில் கணக்கு எடுக்கிறேன், அதனால் ஒரு பக்கம் சாய்ந்துதான் பேசுவேன், கழித்துக்கொள்ளுங்கள். சார்ட்டர்களைப் பார்த்து எங்கள் டிஸ்ட்ரிக்டும் சும்மா இருக்கவில்லை. அரிசோனா காலேஜ் ப்ரெப் எங்கள் சாண்ட்லர் யூனிஃபைடு டிஸ்ட்ரிக்டின் சொந்தப் பள்ளி, கடினமான பாடத்திட்டம் விரும்புபவர்களுக்காகவே தொடங்கியது. சாண்ட்லர் ஹைஸ்கூலில் ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டம் உண்டு. கம்யூனிட்டி காலேஜ் கிரெடிட்டும் ஹைஸ்கூலில் இருந்தபடியே வாங்கலாம். அரிசோனாவில் ஓப்பன் என்ரோல்மென்ட் இருப்பதால் உங்கள் வீட்டுக்கு ஒதுக்கிய பள்ளியில்தான் சேர வேண்டும் என்பதும் இல்லை. சார்ட்டரா, வீட்டுப் பக்கத்துப் பள்ளியா என்று இரண்டே வழி இருப்பதாக நினைத்துக்கொண்டு நம்மவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. அரிசோனாவில் சார்ட்டர் ஆசிரியருக்கு மாநிலச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. இதனால் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் நேராக வகுப்புக்கு வரலாம், பிள்ளைகளுக்கு அதிர்ஷ்டம். போன மாதம் கல்லூரி முடித்தவரும் வரலாம், பத்து வயதுப் பிள்ளை அழுதால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. எந்த ஆசிரியர் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேளுங்கள். சங்கடப்படாமல் கேளுங்கள்.

#12 மாசசூசெட்ஸ்காரர்

நீங்கள் எல்லோரும் பேசுவது வசதியான புறநகர் சார்ட்டர் பற்றி. சார்ட்டர் என்ற ஏற்பாடு நிஜமாகவே வேலை செய்த இடம் வேறு. பாஸ்டன் நகரத்துக்குள் ஏழைக் கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள். எம்ஐடி-யின் ஜாஷுவா ஆங்ரிஸ்ட், பராக் பதக் கூட்டம் இதை ஆராய்ந்தது. எண்ணிப்பார்ப்பவனுக்கு இது தெரிந்திருக்குமே?

#13 எண்ணிப்பார்ப்பவன்

தெரியும், அதைத்தான் எழுத வந்தேன். ஆங்ரிஸ்டுக்கு 2021-இல் பொருளாதார நோபல் கிடைத்தது, இந்த மாதிரி இயற்கையாக அமையும் சோதனைகளிலிருந்து காரணத்தைப் பிரித்தெடுக்கும் முறைக்காக.

குலுக்கல் பெற்றோருக்குத் தலைவலி, ஆய்வாளருக்குப் பொக்கிஷம். விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆர்வமுள்ள குடும்பங்கள். சீட்டு விழுந்ததும் விழாததும் வெறும் அதிர்ஷ்டம். ஆகவே சீட்டு விழுந்த பிள்ளைகளையும் விழாத பிள்ளைகளையும் சில வருடம் கழித்து ஒப்பிட்டால், பள்ளி என்ன சேர்த்தது என்பது தனியாகத் தெரியும். மாசசூசெட்ஸில் செய்தார்கள். நகர்ப்புற சார்ட்டர்களில் மதிப்பெண் ஏற்றம் பெரிது, கணக்கில் ரொம்பவே பெரிது. நகரத்துக்கு வெளியே இருந்த சார்ட்டர்களில் ஏற்றம் இல்லை, சிலவற்றில் இறக்கமே இருந்தது. புறநகர்ப் பிள்ளைகளுக்குச் சீட்டு விழாமல் கிடைத்த சாதாரணப் பள்ளியே நல்ல பள்ளியாக இருந்தது என்பது ஒரு காரணம்.

நாடு முழுவதுக்கும் ஸ்டான்ஃபோர்டின் கிரீடோ மையம் 2023-இல் போட்ட கணக்கில், சார்ட்டர் மாணவர்கள் வருடத்துக்கு வாசிப்பில் 16 நாள், கணக்கில் 6 நாள் கூடுதலாகக் கற்கிறார்கள். 180 நாள் பள்ளி வருடத்தில் ஆறு நாள். அந்தச் சராசரிக்குள் ஆன்லைன் சார்ட்டர்களும் உண்டு, அங்கே நிலைமை படுமோசம். நல்ல நகர்ப்புறப் பள்ளிகளும் அதற்குள்ளேதான்.

இதெல்லாம் அரிசோனாவில் செய்த குலுக்கல் ஆய்வு அல்ல, அதனால் உங்கள் பள்ளி ஒன்றும் சேர்க்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நல்ல டிஸ்ட்ரிக்ட் பள்ளியிலிருந்து பிள்ளையை எடுக்கிறோம் என்றால், அங்கே கிடைப்பதைவிட இங்கே என்ன கூடுதல் என்று பள்ளிதான் காட்ட வேண்டும்.

#14 கில்பர்ட்வாசி

சரி, எண்ணால் அடித்தது போதும். என் பையன் சார்ட்டரில் எட்டாம் வகுப்பு. அங்கே கணக்கில் கெட்டிக்காரனாக இருப்பதற்காக அவனை யாரும் கிண்டல் செய்வதில்லை. முன்னே இருந்த பள்ளியில் செய்தார்கள். மதிய இடைவேளையில் நாலு பேர் ரூபிக்ஸ் க்யூபை வைத்துக்கொண்டு சத்தம் போடுகிறார்கள், அதுதான் அங்கே விளையாட்டு வீரர் கூட்டம். இதை எந்த நோபல்காரர் அளப்பார்?

#15 எண்ணிப்பார்ப்பவன்

இதற்கு என்னிடம் பதில் இல்லை சார். உங்கள் முதல் பதிவில் இதை எழுதியிருக்கலாம், ஐந்துக்கு ஐந்தைவிட இது கனமான காரணம்.

#16 லத்தீன் வீட்டுக்காரி

யாரும் கிரேட் ஹார்ட்ஸ் பற்றிப் பேசவே இல்லையே! அதுவும் ஃபீனிக்ஸ் பக்கத்து சார்ட்டர்தான், 2003-இல் ஆரம்பித்தது. அங்கே வேறு உலகம். லத்தீன், பழைய இலக்கியம், மேல் வகுப்புகளில் தினமும் நீண்ட கலந்துரையாடல் வகுப்பு. ஆசிரியர் கேள்விதான் கேட்பார், பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மூலநூலை வைத்துக்கொண்டு வாதாட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு ஆய்வுக்கட்டுரை எழுதி, கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். ஏபி-யைத் துரத்துவதில்லை, அதனால் ஏபி-யை எண்ணும் பட்டியல்களில் பெயர் பெரிதாக அடிபடாது. என் மகள் வாயாடி, அவளுக்குச் சரியாகப் பொருந்தியது. கணக்கில் பறக்கிற பிள்ளைக்கு மெதுவாகத் தோன்றலாம்.

#17 ஐந்தாம் வகுப்பு அப்பா

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, என் மகள் டிஸ்ட்ரிக்ட் பள்ளியில் வயலின் வகுப்பில் இருக்கிறாள், அதை விட மனசில்லை. இரண்டு, ஐந்தாம் வகுப்பில் சேர்ந்து ஒத்துவராவிட்டால் திரும்பப் போக முடியுமா?

#18 டிஸ்ட்ரிக்ட் டீச்சர்

திரும்பலாம். உங்கள் வீட்டு முகவரிக்கு உரிய டிஸ்ட்ரிக்ட் பள்ளி எப்போது வந்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓப்பன் என்ரோல்மென்ட்டில் வேறு பள்ளிக்குப் போயிருந்தால் மட்டும் அந்த இடம் காத்திருக்காது. சார்ட்டர் இடத்தை விட்டால் மறுபடி குலுக்கல்தான்.

பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது இதைக் கேளுங்கள்: இந்த வருடம் ஆறாம் வகுப்பில் எத்தனை பேர், ஒன்பதில் எத்தனை, பன்னிரண்டில் எத்தனை? அவர்கள் மழுப்பினாலும் கவலை இல்லை, மாநிலக் கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்புவாரி எண்ணிக்கையை வெளியிடுகிறது. மாநிலத்தின் ஏ முதல் எஃப் வரையான கிரேடையும் பார்க்கலாம். மொத்த எழுத்தை விட்டுவிட்டு, கீழ் வகுப்புகளுக்கு 'வளர்ச்சி' என்று தனியாக மதிப்பெண் இருக்கும், அதைப் பாருங்கள். பிள்ளை போன வருடத்திலிருந்து எவ்வளவு முன்னேறியது என்பது அதில்தான் கொஞ்சமாவது தெரியும்.

#19 இரண்டு பிள்ளை அம்மா

வயலின் பற்றி: எங்கள் பள்ளியில் வயலின் போன்ற தந்தி வாத்தியங்களுக்கு வகுப்பு இருக்கிறது, சின்னது. சாயந்திரம் தனி ஆசிரியரிடமும் அனுப்புகிறேன். ஜனவரியில் மட்டும் அந்த வகுப்பை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.

சேர்த்த பிறகு கணக்கில் எந்த நிலையில் உட்காரவைப்பது என்று பார்க்க ஒரு பிளேஸ்மென்ட் தேர்வு வைப்பார்கள். அதற்கு என்று வீட்டில் உட்காரவைத்துத் தயார் செய்யாதீர்கள் அண்ணா. நம்மவர்கள் கோடை முழுக்கப் பயிற்சி கொடுத்து ஒரு படி மேலே தள்ளிவிடுகிறார்கள், அப்புறம் வருடம் முழுக்க அந்தப் பிள்ளை மூச்சு வாங்குகிறது.

#20 ஐந்தாம் வகுப்பு அப்பா

நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். வகுப்புவாரி எண்ணிக்கையை முன்பே மாநிலத் தளத்தில் எடுத்து வைத்திருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பவர்கள் ஆறாம் வகுப்பில் பாதிகூட இல்லை. ஏன் என்று கேட்டதற்குச் சுற்றிக் காட்டியவர், "பலர் ஹைஸ்கூலுக்குப் பெரிய பள்ளி விரும்புகிறார்கள்" என்றார். பழைய மாணவன் தம்பியின் நண்பனை நினைத்தால் அதுவும் உண்மையாகவே இருக்கலாம். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களில் பெரும்பாலானவர்கள் நாலைந்து வருடமாக இருப்பவர்கள் என்று தெரிந்தது, அம்மணிக்கு அது போதும்.

மகள் நூலகத்தையும் ஆய்வகத்தையும் பார்த்தாள். வெளியே வந்ததும், அந்த நோட்டில் தான் மட்டும் எழுதினால் போதுமா, அப்பாவும் எழுத வேண்டுமா என்று கேட்டாள். ஐந்தாம் வகுப்புக்குச் சேர்க்கிறோம். ஆறாம் வகுப்பு ஒத்திகைத் தேர்வு முடிந்த பிறகு மறுபடி உட்கார்ந்து பேசுவதென்று வீட்டில் ஒப்பந்தம். வயலின் நிற்காது, ஜனவரியிலும்.

இனி ஒரே பிரச்சினை பஸ். பள்ளி விடும் நேரத்தில் கார் வரிசை தெருமுனை வரை நிற்கிறது. சாண்ட்லரில் ஒகோட்டியோ பக்கத்திலிருந்து யாராவது போகிறீர்களா?

#21 கில்பர்ட்வாசி

பேருக்குத்தான் கில்பர்ட், போன வருடம் ஒகோட்டியோவுக்கே குடி வந்துவிட்டோம். வண்டியில் ஒரு இடம் இருக்கிறது. காலையில் நான் கொண்டுபோய் விடுகிறேன். சாயந்திரம் மூன்று மணிக்கு மீட்டிங் இருப்பதால் அழைத்துவருவது உங்கள் பொறுப்பு. ஆகஸ்டில் 110 டிகிரி வெயிலில் அந்த வரிசையில் நிற்க வேண்டும், ஏசி நன்றாக வேலை செய்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள் சார். தனிமடலில் நம்பர் அனுப்பியிருக்கிறேன்.